ஓடத் தெரிந்தும் நிற்கத் தெரியாத வண்டிகள்



ஒரு பொருளின் சிறப்பைப் பாராட்டிப் பேசுவது எளிது. அதன் குறையைக் காரணத்தோடு எடுத்துரைப்பது சற்றுக் கடினம். குறையைப் பழிச்சொல்லாக வீசாமல், அது எங்கே பிறந்தது, ஏன் நீடித்தது, எவ்வாறு நீங்கியது என்று படிப்படியாக ஆராய்ந்தால், அப்பொருளைச் செய்தவர்களின் மனப்போக்கும் வாங்கியவர்களின் மனப்போக்கும் நமக்குத் தெளிவாகிவிடும். அந்த நோக்கத்தோடு, ஏறத்தாழ 1964 முதல் 1974 வரை அமெரிக்க நாட்டில் பெரும்புகழ் பெற்று விளங்கிய ஒரு வகை மோட்டார் வண்டியைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

அவ்வண்டிகளை ஆங்கிலத்தில் 'மஸ்ஸில் கார்' என்பர். புஜபலம் படைத்த வண்டி என்று நாம் பொருள் கொள்ளலாம். இரண்டு கதவுகள் கொண்ட நடுத்தர அளவுள்ள குடும்ப வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனுள் எட்டு சிலிண்டர்கள் கொண்ட மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டால் புஜபல வண்டி பிறந்துவிடும். இவ்வகைக்கு வழிகாட்டியாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது, போன்டியாக் நிறுவனம் 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட ஜி.டி.ஓ. என்னும் வண்டியை ஆகும். அந்நிறுவனத்தின் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஒரு விதி வைத்திருந்தது. போன்டியாக்கின் பொறியியல் தலைவர்களுள் ஒருவரான ஜான் டிலோரியனும் அவருடைய தோழர்களும் அந்த விதியை மீறவில்லை. சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். 389 கன அங்குல எஞ்சினைத் தனி வண்டியாக அறிவிக்காமல், ஏற்கெனவே விற்பனையில் இருந்த டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கு விருப்பமுள்ளோர் சேர்த்துக்கொள்ளும் துணைப் பொருள் போல விற்றார்கள். அதற்கு மேல்விலை சுமார் 296 டாலர். அந்த ஓராண்டில் மட்டும் 32,000க்கும் மேற்பட்டவை விலைபோயின.

நாம் ஆராயப்போகும் குறைகள் பலவற்றுக்கும் வித்து இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. அதே டெம்பெஸ்ட் வண்டியில் சாதாரணமாகப் பொருத்தப்பட்ட ஆறு சிலிண்டர் எஞ்சினின் ஆற்றல் 140 குதிரைச் சக்தி. ஜி.டி.ஓ.வின் எஞ்சின் 325 குதிரைச் சக்தி. அதாவது, ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிற்று. ஆனால் பிரேக், டயர், ஸ்டீரிங், கமான் பட்டை ஆகியவை அந்த அளவுக்குப் பெருகினவா? இல்லை. இளங்காளையின் உடலில் யானையின் உயிரைப் புகுத்தினாற்போல, வண்டியின் ஓர் உறுப்பு மட்டும் வளர்ந்தது. ஏனையவை இருந்த இடத்திலேயே நின்றன.

முதலில் பிரேக்கை நோக்குவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு சிறு கணக்கை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டி 100 மைல் வேகத்தை எட்டினால், வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை; ஆயினும் ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடுகிறது. 1,600 கிலோகிராம் எடையுள்ள வண்டியை 100 மைல் வேகத்திலிருந்து நிறுத்த வேண்டுமாயின், அதன் பிரேக்குகள் சில விநாடிகளுக்குள் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஐந்து லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் குழாய்நீர் நிலையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றப் போதுமான வெப்பம். அடுப்பில் வைத்தால் அரை மணி நேரம் பிடிக்கும் வேலையை, நான்கு இரும்பு வட்டங்கள் கண்மூடித் திறப்பதற்குள் செய்தாக வேண்டும்.

ஜி.டி.ஓ.வில் தொடக்கத்தில் இருந்தவை, நான்கு சக்கரங்களுக்கும் 9.5 அங்குல டிரம் பிரேக்குகள். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வெற்று இரும்புப் பேழை. அதனுள்ளே, லைனிங் ஒட்டிய இரண்டு பிறை வடிவ ஷூக்கள் வெளிநோக்கி விரிந்து பேழையின் உட்சுவரை அழுத்துகின்றன. உராய்வினால் டிரம் சூடேறும்போது விரிவடைகிறது. விரிவடையும்போது ஷூவை விட்டு விலகுகிறது. ஆகவே மிதியை மேலும் ஆழமாக அழுத்த வேண்டியதாகிறது. லைனிங்கும் சூட்டினால் தன் பற்றுதலை இழக்கிறது. டிரம்முக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் ஷூக்கள் சுழற்சியின் வேகத்தால் தாமே மேலும் இறுகிப் பிடிக்குமாறு அமைக்கப்பட்டவை. பற்றுதல் நன்றாக இருக்கும்வரை இது பேருதவி. பற்றுதல் சிறிது குறைந்தாலோ, தாமே இறுகும் அந்தத் துணையும் சேர்ந்து குறைந்துவிடும். எனவே முதல் முறை நன்றாக நின்ற வண்டி, இரண்டாம் முறை தயங்கும். மூன்றாம் முறை, மிதி தரையைத் தொட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக்கில் வட்டத் தகடு திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் குளிர்கிறது. சூட்டில் விரிந்தாலும் கவ்வும் கட்டையை நோக்கியே விரிகிறது. ஜி.டி.ஓ.வுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்கு 1967ஆம் ஆண்டு மாதிரியில்தான் கிடைத்தது. அதுவும் தனி விலை கொடுத்துக் கேட்பவர்களுக்கு மட்டுமே. ஓடும் திறனை முதலில் விற்று, நிற்கும் திறனைப் பிறகு விற்றார்கள் என்பது இதன் பொருள்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டு மாதிரி வரை பெரும்பாலான அமெரிக்க வண்டிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்றுதான் இருந்தது. ஏதேனும் ஒரு சக்கரத்தின் குழாய் ஒழுகினால், எண்ணெய் முழுவதும் அவ்வழியே வெளியேறும். நான்கு பிரேக்கும் ஒருங்கே செயலிழக்கும். இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரித்துவிட்டால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். இது எவருக்கும் தெரியாத மறைபொருளாக இருந்ததா? இல்லவே இல்லை. காடிலாக் வண்டியிலும் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ராம்ப்ளர் வண்டியிலும் 1962ஆம் ஆண்டிலேயே இரட்டைச் சுற்று வந்துவிட்டது. அறிவு இருந்தது, பொருள் இருந்தது, வழியும் இருந்தது. ஆயினும் மிக வேகமாக ஓடவல்ல வண்டிகளுக்கு அது வந்து சேர ஐந்து ஆண்டுகள் ஆயின.

இனி, எஞ்சினின் ஆற்றல் சக்கரத்தை அடையும் வழியைக் காண்போம். 1967ஆம் ஆண்டு மாதிரியாக ஷெவ்ரலே நிறுவனம் கமாரோ வண்டியை வெளியிட்டது. அதன் பின் அச்சைத் தாங்குவதற்கு இருபுறமும் ஒவ்வொரு பட்டை மட்டுமே கொண்ட கமான் அமைந்திருந்தது. நமது லாரிகளில் பட்டைகள் பல அடுக்காக இருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். ஒற்றைப் பட்டை எடை குறைந்தது. மென்மையாகப் பயணம் செய்ய ஏற்றது. ஆனால் பெரிய எஞ்சின் உள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரை ஒரே மூச்சாக அழுத்தினால், சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சின் கூடு அதற்கு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். ஒற்றைப் பட்டை பாம்பு போல வளையும். வளைந்த பட்டை திடுமென நிமிரும்போது டயர் சாலையை விட்டு எழும்பும். மீண்டும் பிடிக்கும், மீண்டும் எழும்பும். வண்டியின் பின்பகுதி தவளை போலத் துள்ளுவதால் முன்னேற்றமும் குன்றும், நேர்வழியும் தவறும். மறு ஆண்டிலேயே ஆற்றல் மிக்க கமாரோக்களுக்குப் பல அடுக்குப் பட்டைகள் வந்தன. அதிர்வு தாங்கிகளுள் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்துத் துள்ளலை அடக்கினர். ஓராண்டுக்குள் திருத்தம் செய்த அந்தப் பொறியியலாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும், அந்த முதல் ஆண்டில் வாங்கியவர்கள் தாம் அறியாமலே சோதனையாளர்கள் ஆனார்கள்.

எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் தாங்கியிலும் ஒரு குறை இருந்தது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே ரப்பரை ஒட்டிச் செய்யப்பட்ட தாங்கி அது. காலப்போக்கில் ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்தால், எஞ்சின் தன் முறுக்கு விசையினாலேயே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அவ்வாறு எழும்போது ஆக்ஸிலேட்டரின் இணைப்புக் கம்பியை இழுத்துத் திறந்துவிடவும் கூடும். ஓட்டுபவர் காலை எடுத்தாலும் வண்டி விரையும். இக்குறை காரணமாக 1971ஆம் ஆண்டு டிசம்பரில், 1965 முதல் 1969 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த ஷெவ்ரலே வண்டிகளுள் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகள் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. கமாரோவும் அவற்றுள் ஒன்று. செய்யப்பட்ட திருத்தம் என்ன? எஞ்சின் மேலெழாதபடி தடுக்கும் ஓர் உலோக வடம், அவ்வளவே. சிறிய வடம் ஒன்று இல்லாமையால் எத்தனை பெரிய அபாயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அறிமுகமாகி, பன்னிரண்டு மாதங்களுக்குள் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அழகான வண்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் முன் கண்ணாடிக்குக் கீழே காற்றை உள்ளிழுப்பதற்காக ஒரு மூடிய தகரத் தொட்டி அமைத்திருந்தனர். காற்று புகும் இடுக்கில் மழைநீரும் உதிர்ந்த இலைகளும் புகும். நீர் இருபக்கமும் வழிந்தோட வேண்டும். இலைக்குப்பை வழியை அடைத்தால் நீர் தேங்கும். தேங்கிய நீர் காற்றுத் துளையைச் சுற்றியுள்ள விளிம்பைத் துருவாக அரித்துவிடும். அதன்பின் ஒவ்வொரு மழையிலும் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் பாதங்களில் தண்ணீர் சொட்டும்; தரைத் தகடும் இற்றுப்போகும். துப்புரவு செய்யலாம் என்றால் தொட்டியைத் திறக்க வழியில்லை. இரண்டு தகடுகளையும் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்து மூடிவிட்டார்கள். ஒரு பிடி இலையை எடுப்பதற்கு, பற்றவைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். பழைய மஸ்டாங்கைப் புதுப்பிக்க முற்படுவோர் பெருமூச்சு விடும் இடம் இதுவே.

அதே வண்டியின் பின்புறத்தில் வேறொரு சிக்கனம். டிக்கியின் தரையில் பெரிய துளை விட்டு, பெட்ரோல் டாங்கியை மேலிருந்து இறக்கித் திருகாணிகளால் பூட்டினர். டாங்கியின் மேல்தகடே டிக்கியின் தரையாயிற்று. டிக்கிக்கும் பயணிகளுக்கும் நடுவே உலோகச் சுவர் கிடையாது. பின் இருக்கையின் சாய்வும் ஓர் அட்டையுமே தடுப்பு. பின்னாலிருந்து மற்றொரு வண்டி பலமாக மோதி டாங்கி கிழிந்தால், பெட்ரோல் எங்கே பாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின் இருக்கையில் அமர்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இந்த அமைப்பு 1970ஆம் ஆண்டு மாதிரி வரை நீடித்தது.

கிரைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகளில், மின்சாரத்தின் அளவைக் காட்டும் அம்மீட்டர் ஓட்டுநரின் முன்னே இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பாட்டரிக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதையும் எஞ்சின் அறையிலிருந்து தடுப்புச் சுவரிலுள்ள இணைப்பு வழியே உள்ளே கொண்டுவந்து, அந்தக் கருவிக்குள் புகுத்தி, மீண்டும் வெளியே அனுப்பினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இணைப்பு முனைகளில் களிம்பேறித் தடை கூடும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்பது பள்ளி மாணவர் அறிந்தது. தடை பத்தில் ஒரு ஓம்தான் என்றாலும், 40 ஆம்பியர் பாயும்போது 160 வாட்டு வெப்பம் அங்கே பிறக்கும். நூறு வாட்டு பல்பைக் கையால் தொட இயலாது. அதைவிட மிகுதியான வெப்பம் ஒரு பிளாஸ்டிக் இணைப்புக்குள் அடைபட்டால் அது உருகாமல் என்ன செய்யும்? ஆபத்தை அறிவிக்க வைத்த கருவியே ஆபத்தின் வாயிலாயிற்று.

சில குறைகள் நகைப்பையும் விளைவிப்பவை. முகப்பு விளக்குகளை மூடிபோட்டு மறைக்கும் நாகரிகம் அக்காலத்தில் பரவிற்று. 1968ஆம் ஆண்டு மாதிரி டாட்ஜ் சார்ஜரிலும் வேறு சில வண்டிகளிலும் அம்மூடிகளைத் திறப்பது எஞ்சினிலிருந்து பெறும் வெற்றிட விசை. ரப்பர்க் குழாயில் ஊசிமுனை அளவு வெடிப்பு விழுந்தாலும் மூடி அரைகுறையாக நிற்கும். ஒரு கண் திறந்து ஒரு கண் மூடிய முகத்தோடு வண்டி இரவில் செல்லும். 1969ஆம் ஆண்டு கமாரோவின் மூடிகளில், அவை திறக்காமற்போனாலும் ஓரளவு ஒளி வெளிவரக் கண்ணாடி இடுக்குகள் வைத்தனர். தம் அமைப்பின் மீது அமைத்தவர்களுக்கே முழு நம்பிக்கையில்லை என்பதற்கு அது சான்று. ஜி.டி.ஓ.வில் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் கருவியை முதலில் ஓட்டுநரிடமிருந்து எட்ட, வலப்பக்கக் குழிவில் வைத்தார்கள். 1967இல் விரும்புவோருக்கு வெளியே பானட்டின் மேலேயே பொருத்திக் கொடுத்தார்கள். பார்வைக்கு நேராக வந்தது உண்மை. வெயிலுக்கும் மழைக்கும் நேராக வந்ததும் உண்மை.

அழகுக்காகச் செய்தது வேகத்தையே கெடுத்த விந்தையும் நிகழ்ந்தது. சார்ஜரின் பின் கண்ணாடியை உட்குழிவாக அமைத்திருந்தனர். பந்தயத் தடத்தில் அக்குழிவில் காற்று சுழன்று வண்டியைத் தூக்கிற்று. ஆகவே 1969இல் கண்ணாடியைச் சமமாக்கி சார்ஜர் 500 என்ற வடிவத்தையும், பிறகு கூரிய மூக்கும் உயர்ந்த இறக்கையும் கொண்ட டேடோனா என்ற வடிவத்தையும் செய்தனர். 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா தடத்தில் பட்டி பேக்கர் அவ்வகை வண்டியை மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். குறையை ஒப்புக்கொண்டு நேரே எதிர்கொண்டால் என்ன விளையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பந்தயத்தில் தோற்றபோது விரைந்து பிறந்த திருத்தம், சாதாரண மனிதனின் பிரேக்குக்கு ஏன் விரைந்து பிறக்கவில்லை என்பதே என் வினா.

அதற்கு விடை கடினமானதன்று. குதிரைச் சக்தியை விளம்பரத்தில் எண்ணாக அச்சிடலாம். நிற்கும் தூரத்தை யார் அச்சிடுவர்? வாங்க வரும் இளைஞனும் எஞ்சினைத்தான் கேட்டான், பிரேக்கைக் கேட்கவில்லை. ஆண்டுதோறும் புது மாதிரி வெளியிட வேண்டும் என்ற நெருக்கடியும், விலையைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்ற போட்டியும் சேர்ந்துகொண்டன. 1965இல் ரால்ஃப் நாடர் மோட்டார் வண்டிகளின் பாதுகாப்பின்மை பற்றி எழுதிய நூல் நாட்டை உலுக்கிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 50,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1968 ஜனவரி 1 முதல் இரட்டைச் சுற்றுப் பிரேக்கும், மோதலில் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீரிங் தண்டும், இருக்கை வார்களும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. தன் விருப்பால் வராத நன்மை சட்டத்தின் ஆணையால் வந்தது.

இவை யாவும் பழங்கதை அல்லவா, இன்று நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். அந்த வண்டிகள் மறைந்துவிடவில்லை. பெருவிலைக்கு வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவோர் பலர் உள்ளனர். மிசிகன் மாநிலத்தில் என் மகள் வீட்டுக்குச் சென்று தங்கியிருந்தபோது, அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் அத்தகைய வண்டியைத் தம் கைகளாலேயே சீர்செய்துகொண்டிருந்தார். பழைய ஒற்றைச் சுற்றுப் பிரேக்கை அப்படியே வைத்துக்கொள்வதா, இரட்டைச் சுற்றாக மாற்றுவதா என்பது அவருடைய மனப்போராட்டம். மாற்றினால் கண்காட்சியில் அசல்தன்மைக்குரிய மதிப்பெண் குறையும் என்றார். நான் ஒரு தாளில் நான்கு சக்கரங்களையும் ஒரு குழாயையும் வரைந்து, ஓரிடத்தில் பென்சிலால் துளையிட்டுக் காட்டினேன். "தம்பி, இந்த இடத்தில் குழாய் விட்டுப்போகும் நாளில் உம்முடைய இரண்டு குழந்தைகளும் பின்னால் அமர்ந்திருந்தால், அந்த மதிப்பெண் வண்டியை நிறுத்துமா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊர் திரும்புவதற்கு முன் இரட்டைச் சுற்றுப் பொருத்திவிட்டார். கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, பெயர் எழுதி, அலமாரியில் பத்திரமாக வைத்தார். பழமையைப் போற்றுவதற்கும் உயிரைக் காப்பதற்கும் ஒருங்கே இடம் உண்டு என்பதை அவர் செயலில் கண்டேன்.

அத்தகைய வண்டி வைத்திருப்போரும், வைத்திருக்க ஆசைப்படுவோரும் செய்யத்தக்கவை சில. பிரேக்கின் சுற்று எத்தகையது என்று முதலில் பாருங்கள். எஞ்சினின் ரப்பர்த் தாங்கிகளைச் சோதியுங்கள். டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே உலோகத் தடுப்பு ஒன்று வையுங்கள். அம்மீட்டருக்குச் செல்லும் இணைப்புகளைத் தொட்டுப் பார்த்துச் சூடிருந்தால் உடனே கவனியுங்கள். இழைகளைச் சாய்வாக அடுக்கிய பழைய வகை டயர்களுக்குப் பதிலாக ரேடியல் டயர்களைப் பூட்டுங்கள். இவற்றுள் எதுவும் வண்டியின் அழகைக் குறைப்பதன்று.

வண்டி மட்டும் என்ன? வீட்டுக்கு மின்விசைப் பம்பு வாங்கினாலும், பிள்ளைக்கு இருசக்கர வண்டி வாங்கினாலும், அதன் ஆற்றல் எவ்வளவு என்பதையே நாமும் முதலில் கேட்கிறோம். விற்பவரிடம் இரண்டாவதாக ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக: இது எவ்வளவு விரைவில் நிற்கும்? வாங்குவோர் எல்லோரும் அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், செய்வோர் சட்டம் வரும்வரை காத்திருக்கமாட்டார்கள்.